கல்யாண வேலைக்கு நடுவே: மல்லிகைச் சரமா, அத்தரா?

மண்டபம், பத்திரிகை, பட்டு என்று பணமெல்லாம் ஊருக்காகவே கரையும்போது, மணப்பெண் தனக்கென்று சின்னதாக ஏதாவது வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். கல்யாணப் பெண்ணான என் தங்கை கேட்டது, மல்லிகைச் சரமா, அத்தரா, எதை வாங்கலாம் என்று.

செலவு: கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடையில் ஒரு முழம் சில ரிங்கிட்தான், ஆனால் வாராவாரம் சேரும். மஸ்ஜித் இந்தியா பக்கம் அத்தர் வாங்கினால் ஒரே தடவைதான்.

எத்தனை நாள்: மல்லிகை மறுநாளே பழுப்பேறிவிடும். மொட்டாக வாங்கி வாழையிலையில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் தாங்கும். ஒரு தோலா அத்தர், ஏறக்குறைய 12 மில்லி, மாதக்கணக்கில் வரும்.

சுகம்: இதில் பூவை எதுவும் மிஞ்சாது. பொழுது சாய்ந்ததும் மொட்டுகள் பின்னலிலேயே ஒவ்வொன்றாக விரியும். காலையில் தலையணையிலும் அந்த வாசம் இருக்கும். அத்தர் மணிக்கட்டில் ஒரு துளி போதும். பட்டில் மட்டும் படக்கூடாது, எண்ணெய்க் கறை லேசில் போகாது.

கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, தினமும் அலுவலகம் போகிறீர்கள் என்றால் அத்தர். லீவு போட்டு வீட்டில் இருக்கும் கடைசி இரண்டு வாரத்துக்குப் பூ. தங்கைக்குப் பூ என்றுதான் சொன்னேன். சரி, அத்தரை நான் வாங்கித் தருகிறேன்.