717 கிகாபிக்சலில் ரெம்பிராண்ட்: ரைக்ஸ்மியூசியத்தின் 'நைட் வாட்ச்' இணையப் படம் எப்படி இருக்கிறது?

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் 2022 ஜனவரியில் 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் 'நைட் வாட்ச்' ஓவியத்தை 717 கிகாபிக்சல் (அதாவது 71,700 கோடி புள்ளிகள் கொண்ட) படமாகத் தன் இணையதளத்தில் ஏற்றியது. 100 மெகாபிக்சல் ஹாசல்பிளாட் கேமராவில் எடுத்த 8,439 படங்களை ஒட்டி ஒரே படமாக்கியிருக்கிறார்கள். கோப்பின் அளவு 5.6 டெராபைட். பார்க்கக் கட்டணம் கிடையாது. ஓவியம் பார்க்கப் பழக நினைப்பவருக்கு இணையத்தில் சும்மா கிடைப்பவற்றில் இதை முன்வரிசையில் தாராளமாக வைக்கலாம். ஒரு நிபந்தனை உண்டு: திறந்தவுடன் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சாயத்தைப் பார்த்திருப்பீர்கள், ஓவியத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் இடையே 5 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு. அப்படியானால் ஓவியத்தின் ஒரு சென்டிமீட்டர் 2,000 பிக்சல். 1920 பிக்சல் அகலமுள்ள சாதாரண லேப்டாப்பில் கடைசி வரை ஜூம் செய்தால், திரை முழுக்கத் தெரிவது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவான இடம். தலைமுடி ஒன்று அங்கே ஒட்டியிருந்தால் ஏறக்குறைய 15 பிக்சல் தடிமனில் தெரியும். முழு ஓவியமும் திரையில் அடங்கி நிற்கும்போது நிலைமை தலைகீழ்: திரையின் ஒரு புள்ளிக்குள் மூன்றரை மில்லிமீட்டர் ஓவியம் அமுங்கிக் கிடக்கிறது. இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் திரையைச் சரிசெய்யுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். போனில் நிறங்களைத் தூக்கிக் காட்டும் 'விவிட்' முறை இருந்தால் 'நேச்சுரல்' முறைக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஓவியத்தின் நடுவில் வரும் கேப்டனின் சிவப்புப் பட்டை கல்யாணப் பந்தல் சிவப்பில் கத்தும். இந்த ஓவியத்தில் பாதி இருட்டு. ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் பின்னணியில் இருப்பவர்கள் யாரும் தெரிய மாட்டார்கள், உங்கள் முகம்தான் தெரியும். போனிலும் படம் திறக்கும், ஆனால் 13 அங்குலத்துக்குக் குறைவான திரையை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்துக்கான சதுரத் துண்டுகள் மட்டுமே இறங்கும். சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. இணைப்பு மந்தமாக இருந்தால் ஜூம் செய்ததும் முதலில் மங்கலான துண்டு வந்து நிற்கும், சில நொடி கழித்துத்தான் கூர்மையாகும். அதற்குள் நகர்ந்துவிட்டால், 'ஆகா, எவ்வளவு மென்மையான தூரிகை வேலை' என்று இல்லாத ஒன்றை மெச்சிக்கொண்டு போவீர்கள். துண்டு கூர்மையாகும் வரை கை வைக்காதீர்கள்.

இனிப் பார்க்கும் முறை. முழு ஓவியத்தையும் திரையில் வைத்து ஐந்து நிமிடம் ஜூம் செய்யாமல் பாருங்கள். இது 1642இல் ஆம்ஸ்டர்டாமின் ஊர்க்காவல் படை ஒன்றுக்காக வரைந்த குழுப்படம். நடுவில் கருப்பு உடையில் கையை நீட்டி வருபவர் கேப்டன் பிரான்ஸ் பானிங்க் கோக். பக்கத்தில் மஞ்சள் உடையில் துணைத் தளபதி வில்லம் வான் ராய்டன்பர்க். பெயரில் இரவு இருந்தாலும் இது பகல் காட்சி. காலப்போக்கில் மேலே பூசிய வார்னிஷ் கருத்ததால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது. வெளிச்சம் இரண்டு இடத்தில்தான் கொட்டுகிறது: ராய்டன்பர்கின் உடையிலும், கேப்டனுக்கு இடப்பக்கம் பின்னால் நிற்கும் சிறுமியிடமும். அந்தச் சிறுமியின் இடுப்பில் ஒரு கோழி தொங்குகிறது. அதன் நகம் இந்தப் படைப்பிரிவின் சின்னம்.

இங்கே ஒரு தகவல் உதவும். படத்தில் இருக்க வேண்டும் என்று காசு கொடுத்தவர்கள் ஆளுக்குச் சராசரியாக 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) தந்தார்கள். இடத்தைப் பொறுத்துச் சிலர் கூடுதலாக, சிலர் குறைவாக. அப்படியும் பாதி முகங்கள் இன்னொருவர் கைக்கோ ஈட்டிக்கோ பின்னால் மறைந்து கிடக்கின்றன. குழுப்படம் என்றால் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவது அன்றைய வழக்கம். ரெம்பிராண்ட் அவர்களைக் கிளம்ப வைத்துவிட்டார். இந்தத் துணிச்சல் முழுப் படத்தில் மட்டுமே தெரியும், ஜூமில் தெரியாது.

அடுத்த நிலையில், திரையில் இரண்டு மூன்று ஆட்கள் அடங்கும் அளவுக்குப் போங்கள். துப்பாக்கியைத் தேடிப் பிடிப்பது நல்ல பயிற்சி. இடப்பக்கம் சிவப்பு உடைக்காரர் மருந்து கெட்டிக்கிறார். கேப்டனுக்குப் பின்னால் ஒருவர் சுடுகிறார். தீப்பொறி ராய்டன்பர்கின் தொப்பிக்குப் பக்கத்தில் தெறிக்கிறது. வலப்பக்கம் ஒருவர் சுட்டு முடித்து மிச்ச மருந்தை ஊதித் தள்ளுகிறார். ஒரே செயலின் மூன்று கட்டங்கள் மூன்று ஆட்களிடம் பிரிந்து கிடக்கின்றன. இந்த அளவில் பார்க்கும்போதுதான் இது கண்ணுக்குச் சிக்கும்.

கடைசி நிலைக்கு ராய்டன்பர்கின் மஞ்சள் உடையைத் தேர்ந்தெடுங்கள். கேப்டன் நீட்டிய கையின் நிழல் அந்த உடையின் மேல் விழுகிறது. நிழலின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பூவேலையில் ஒரு சிங்கம், ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மெல்ல நெருங்குங்கள். ஒரு கட்டத்தில் சரிகை சரிகையாக இருக்காது. அப்பிய தடித்த சாயம், அதன் விளிம்பில் ஒளி பட்டு மின்னும் மேடு, பக்கத்தில் ஒரு கருப்புக் கோடு, அவ்வளவுதான். ஒரு நூலைக்கூட அவர் வரையவில்லை. இப்போது பின்வாங்குங்கள். எந்த இடத்தில் அந்தக் குவியல் மறுபடியும் சரிகையாக மாறுகிறது என்று கவனியுங்கள். முன்னும் பின்னும் நாலைந்து தடவை போய்வந்தால் அந்த எல்லை பிடிபடும். அருங்காட்சியகத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று இதைச் செய்ய முடியாது. இணையதளத்தின் முழுப் பெருமையும் இந்த ஒரு காரியத்தில் இருக்கிறது.

விரிசல்களையும் பாருங்கள். மெல்லிய, கூர்மையான வலைபோல ஓடுபவை வயதால் வந்தவை. இருண்ட பகுதிகளில் அகலமாக, மழுங்கிய விளிம்போடு தெரிபவை பெரும்பாலும் சாயம் காயும்போதே விழுந்தவை. அடியில் உள்ள பூச்சு காய்வதற்கு முன் மேல்பூச்சு இறுகினால் இப்படி ஆகும். 1975இல் ஒருவர் கத்தியால் கிழித்த இடங்களைச் சரிசெய்திருக்கிறார்கள், ஆனால் நெருங்கிப் பார்த்தால் தடம் முழுக்க மறையவில்லை.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை அளவு. அசல் ஓவியம் ஏறக்குறைய பன்னிரண்டரை அடி உயரம், பதினைந்து அடி அகலம். நம் ஊர் பத்தடி உயர ஹாலில் நிறுத்தவே முடியாது. அங்கே கேப்டனின் கை நம்மை நோக்கி நீள்கிறது. திரையில் அவர் விரல் உயரம்தான். ஜூம் இதை ஈடுகட்டாது.

இரண்டாவது, இது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படம் மட்டுமே. ராய்டன்பர்கின் உடையில் ஆர்சனிக் சல்பைடு நிறமிகள் இருப்பதாக 2024இல் வெளியான ஆய்வு சொன்னது. சாயத்துக்கு அடியில் ரெம்பிராண்ட் சுண்ணக்கலவையால் போட்ட முதல் வரைவு இருப்பது 2021 டிசம்பரில் தெரியவந்தது. எக்ஸ்ரே வகைக் கருவிகளில் கிடைத்த அந்தப் படங்களையும் இதே திரையில் மாற்றி மாற்றிப் பார்க்க வழி செய்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயத்தில் உள்ள வான் ஐக் சகோதரர்களின் பீடப் படத்துக்கான 'குளோசர் டு வான் ஐக்' தளம் அகச்சிவப்பையும் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. அந்த ஒரு விஷயத்தில் அதுவே மேல்.

மூன்றாவது, வெட்டுப்பட்ட பகுதி. 1715இல் நகர மண்டபச் சுவரில் பொருத்துவதற்காக நாலு பக்கமும் நறுக்கினார்கள். இடப்பக்கம் மட்டும் சுமார் 60 சென்டிமீட்டர் போயிற்று, அதோடு இரண்டு ஆட்களும். அதனால்தான் இப்போது கேப்டனும் துணைத் தளபதியும் நட்டநடுவில் நிற்கிறார்கள். முதலில் சற்று வலப்புறம் தள்ளி இருந்தார்கள், கூட்டம் முன்னோக்கி நகரும் உணர்வு இன்னும் கூடுதலாக இருந்தது. இணையப் படத்தில் இருப்பது எஞ்சிய பகுதிதான். கெரிட் லுண்டன்ஸ் என்ற ஓவியர் 17ஆம் நூற்றாண்டில் செய்த சிறிய நகல் வெட்டுக்கு முந்தைய நிலையைக் காட்டும். அதை இன்னொரு டேபில் திறந்து வைத்துக்கொண்டு அமைப்பைப் பற்றி முடிவுக்கு வாருங்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசும்போதும் ஒரு எச்சரிக்கை. பழைய வார்னிஷை அகற்றும் வேலை 2024 நவம்பரில் தொடங்கியது. இந்தப் படம் அதற்கு முந்தையது. இதை வைத்து ரெம்பிராண்டின் மஞ்சள் இப்படி, பழுப்பு அப்படி என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

விளக்கங்கள் தமிழில் இல்லை. பெயர்களும் டச்சு உச்சரிப்பில் நாக்கைச் சுளுக்கும். ஓவியத்தையே முதன்முதலாகப் பார்க்கும் பத்து வயதுப் பிள்ளைக்குத் தனியாகக் கொடுத்தால் நாயையும் கோழியையும் கண்டுபிடித்துவிட்டு மூடிவிடும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து 'துப்பாக்கி எங்கெல்லாம் இருக்கிறது?' என்று கேட்டால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஓவியக் கல்லூரி மாணவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம், அதிலும் எண்ணெய்ச் சாயத்தில் தடிப்பு எங்கே வைப்பது, எங்கே மெல்லியதாக விடுவது என்று திணறுபவர்களுக்கு. ராய்டன்பர்கின் உடையையும் கீழே வலப்பக்கம் குரைக்கும் நாயையும் ஒரே ஜூம் அளவில் அடுத்தடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.