ஆறு ஆண்டு லினக்ஸ், ஒரு ஞாயிறு ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு எங்கள் பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் விளக்கு எரிந்தால் நான் தம்பியோடு கணினியில் விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று ஆத்தாவுக்குத் தெரியும். அவன் பினாங்கில் இருக்கிறான். அங்கே அப்போது மணி பதினொன்றரை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்னும் பெட்டகத்தில் கிடக்கின்றன. கப்பலில் வந்த தாள்கள் அவை. எங்கள் இருவருக்கும் அந்தக் கடிதத்தின் வேலையை இந்த ஆட்டம் செய்கிறது. தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும் வாரத்திலும் ஆட உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் பேசிவிடுகிறோம்.

தேவகோட்டையில் சிறிய டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, அறுபதாம் கல்யாணப் பத்திரிகை, கோயில் குடமுழுக்கு அழைப்பிதழ் என்று வேலை ஓடும். வீட்டில் இருக்கும் கணினி 2016 இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 சில்லு கொண்டது. 2020 ஜனவரி 14 அன்று விண்டோஸ் 7 க்கான ஆதரவு நின்றபோது, புதிய உரிமத்துக்குப் பணம் கொடுக்க மனமில்லாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 19.3 நிறுவினேன். தமிழ்99 விசைப்பலகை முதல் நாளே ஒழுங்காக வேலை செய்தது. எனக்கு அதுவே பாதி வெற்றி. இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது. தம்பி அங்கே, நாங்கள் இங்கே. அப்போதுதான் இந்த ஞாயிறு ஆட்டம் தொடங்கியது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முகப்பில் இருக்கும் வைஃபை, வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டி இரண்டாம் கட்டுக்கு வராது. சுண்ணாம்புச் சுவர்கள் அவ்வளவு தடிமன். கேபிள் இழுக்கலாம் என்றால், தேக்குத் தூணில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஆத்தா சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான். வீடு எனக்கு மட்டும் சொந்தமில்லை. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு ஆண் வாரிசின் குடும்பத்துக்கும், ஓர் அறை, பெரும்பாலானவை பூட்டிக் கிடக்கின்றன, பங்காளிகள் விசேஷத்துக்கு மட்டும் வருவார்கள். கேபிளை நூலால் தூணோடு கட்டி, உத்திரத்தின் ஓரமாகக் கொண்டுபோனேன். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது. லினக்ஸைக் குறை சொல்வதற்கு முன் இணைப்பைச் சரிபாருங்கள். முதல் இரண்டு மாதம் நான் இயங்குதளத்தின்மேல் போட்ட பழி எல்லாம் சுவரின் பழி.

விண்டோஸுக்காக எழுதிய ஆட்டம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று கடைக்கு வருபவர்கள் கேட்பதுண்டு. 1993 இல் தொடங்கிய வைன் என்ற திட்டம் அதற்கு அடிப்படை. அதை வைத்து, ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற மென்பொருளை வெளியிட்டது. கப்பலில் வந்தவர்களுக்கும் ஊராருக்கும் நடுவில் நின்ற துபாஷியைப் போல, ஆட்டம் விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி இது மாற்றிச் சொல்கிறது. 2022 பிப்ரவரியில் வால்வின் ஸ்டீம் டெக் என்ற கையடக்க ஆட்டக் கருவி வந்த பிறகு இதன் முன்னேற்றம் வேகமெடுத்தது. அந்தக் கைக்கருவியே லினக்ஸில் ஓடுவதுதான் காரணம்.

என் அனுபவத்தில், பழைய ஆர்எக்ஸ் 570 கிராபிக்ஸ் கார்டில் நடுத்தர அமைப்பில் பெரும்பாலான ஆட்டங்கள் விக்கல் இல்லாமல் ஓடின. அந்தக் கார்டுக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே, இருப்பதால் எதையும் தேடி நிறுவ வேண்டியிருக்கவில்லை. குறைகளும் உண்டு. புது ஆட்டத்தை முதன்முறை திறந்தால் ஷேடர் எனும் காட்சி வரையும் சிறு நிரல்கள் தயாராகும்வரை பத்து நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் தம்பி இரண்டு முறை அழைத்துவிடுவான். சில ஆட்டங்களோடு வரும், அவற்றைத் திறந்துவைக்கும் தனி லாஞ்சர்கள் அப்டேட்டுக்குப் பிறகு வெள்ளைத் திரையோடு நின்றுவிடும். ஒரு ஆட்டத்தில் மைக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டே ஆடினோம். வாங்குவதற்கு முன் அந்த ஆட்டம் லினக்ஸில் ஓடுகிறதா என்று புரோட்டான்டிபி தளத்தில் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தனியாக ஆடும் ஆட்டங்களில் ஆறு ஆண்டில் ஒன்றே ஒன்றுதான் கடைசிவரை திறக்கவில்லை.

இணைய ஆட்டங்களின் கதை வேறு. 2023 இல் நாங்கள் இருவரும் ஒரு ஆட்டத்தை வாங்கினோம். பெயர் வேண்டாம். ஒன்றரை ஆண்டு ஞாயிறுதோறும் அதையே ஆடினோம். ஒரு ஞாயிறு அப்டேட் இறங்கியது, ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கும் தடுப்பு மென்பொருள் என் கணினியை ஏற்கவில்லை என்று ஒரு வரி வந்தது, ஆட்டம் மூடிக்கொண்டது. முன்கூட்டி ஓர் அறிவிப்பும் இல்லை.

"அக்கா, உள்ளே வரவில்லையா?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தான். அன்று இரவு பன்னிரண்டு மணிவரை ஒவ்வொரு அமைப்பாக மாற்றிப் பார்த்தேன். ஸ்டீமில் பணம் திரும்பப் பெற, வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் இரண்டு மணிக்குள் இருக்க வேண்டும். நான் ஆடியதோ நூற்றுக்கணக்கான மணி நேரம். பணத்தைவிட எனக்கு உறுத்தியது வேறு: நேற்றுவரை ஓடியது. என் கணினியிலும் எதுவும் மாறவில்லை, புரோட்டானிலும் எதுவும் மாறவில்லை. யாரோ உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டார்கள்.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸில் இத்தகைய தடுப்பு மென்பொருள் கெர்னல் வரை இறங்கி, கணினியில் வேறு என்ன ஓடுகிறது என்று பார்க்கிறது. லினக்ஸில் கெர்னலையே நம் விருப்பத்துக்குத் திருத்திக் கட்டிக்கொள்ளலாம். அதனால் அடியில் இருப்பது உண்மைதானா என்று ஆட்டத்தால் உறுதிசெய்ய முடிவதில்லை. 2024 அக்டோபர் இறுதியில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டம் லினக்ஸுக்கான கதவை மூடியபோது அதன் தயாரிப்பாளர்கள் சொன்ன காரணமும் ஏறக்குறைய இதுவே. ஏமாற்றுக்காரனிடம் தோற்று வெறுத்துப்போன இரவுகள் எனக்கும் உண்டு. தடுப்பு வேண்டும்.

ஆனால் கெர்னல் வரை அந்நிய மென்பொருளை இறக்குவதன் விலையையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரே ஒரு தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்துக்கே இப்படி நடக்கலாம் என்றால், என் கடைக் கணக்கும் வாடிக்கையாளர் கோப்புகளும் இருக்கும் கணினியில் ஒரு விளையாட்டுக்காக அவ்வளவு ஆழத்துக்கு ஒருவரை விட எனக்கு விருப்பமில்லை.

வேறு வழியே இல்லையென்றால் ஒப்புக்கொள்வேன். வழி இருக்கிறது. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு தடுப்பு மென்பொருள்களுமே 2021 இல் புரோட்டானுக்கான ஆதரவை அறிவித்தன. ஆட்டத்தைத் தயாரிப்பவர்கள் அதை இயக்க ஒப்புதல் தந்தால் போதும். எல்டன் ரிங் ஆட்டம் அப்படித்தான் ஓடுகிறது. டோட்டா 2 க்கு 2013 முதலே லினக்ஸ் பதிப்பு உண்டு, கவுண்டர்-ஸ்டிரைக் 2 க்கும் உண்டு. 2025 ஜனவரியில் மார்வெல் ரைவல்ஸ் ஆட்டத்தில் புரோட்டான் வழியாக ஆடியவர்கள் தவறுதலாகத் தடைசெய்யப்பட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தத் தடைகளை நீக்கியது. அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

"உங்களைப் போல ஆடுபவர்கள் எத்தனை பேர்?" என்பது அடுத்த கேள்வி. குறைவுதான். ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில்தான் முதன்முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. அதே மாதம் 14 ஆம் தேதி விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு நின்றது. என் கணினியைப் போன்றவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை; எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளில் ஏறக்குறைய எல்லாமே அதன் பட்டியலுக்கு வெளியே. என் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் பலரிடம் இருப்பது அண்ணனோ அக்காவோ கொடுத்த பழைய கணினிதான். இங்கே ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை யாரும் கணினி மாற்றுவதில்லை.

எண்ணிக்கை குறைவானவர்களால் தொல்லை அதிகம் என்ற பேச்சும் உண்டு. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற சிறிய ஆட்டத்தை உருவாக்கியவர் 2021 இல் தன் கணக்கை வெளியிட்டார். வாங்கியவர்களில் லினக்ஸ்காரர்கள் 5.8 சதவீதம், வந்த பிழை அறிக்கைகளில் அவர்களுடையது 38 சதவீதம். ஆனால் அந்த ஏறக்குறைய 400 அறிக்கைகளில் லினக்ஸுக்கு மட்டுமே உரிய பிழைகள் மூன்று. மற்றவை எல்லாம் எல்லோருக்கும் இருந்த பிழைகள். இவர்கள் கவனமாகப் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான். அந்தக் கவனம் எனக்குப் பழக்கமானது. பத்திரிகை அச்சுக்குப் போகுமுன் தாய்மாமன் பெயரில் கால் விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சொல்லும் வாடிக்கையாளரை நான் ஒருநாளும் தொல்லை என்று நினைத்ததில்லை.

லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பு எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிறு குழுவுக்கு அது பெரும் சுமை. செய்தவர்களிலும் சிலர் பின்னாளில் கைவிட்டார்கள். ராக்கெட் லீக் ஆட்டம் 2020 மார்ச்சில் லினக்ஸ், மேக் இரண்டுக்குமான பதிப்புகளை நிறுத்தியது. வேறொருவர் உழைத்துத் திறந்துவைத்த கதவை மூடாமல் இருந்தால் போதும். மூடியே தீர வேண்டுமென்றால், மூன்று மாதம் முன்பே சொல்லுங்கள், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தாருங்கள்.

அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு வாரம் நண்பரிடம் இரவல் வாங்கிய வன்வட்டில் விண்டோஸ் போட்டுப் பார்த்தேன். ஆடுவதற்காக ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்து மறுபடி ஏற்றுவதும், அந்த நேரத்தில் அவசரப் பத்திரிகைத் திருத்தம் வந்து நிற்பதும் ஒத்துவரவில்லை. வட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

யாருக்கு இதைப் பரிந்துரைப்பேன்? தனியாக ஆடுபவர்கள், பழைய கணினி வைத்திருப்பவர்கள் தயங்காமல் வரலாம். நண்பர்கள் எல்லோரும் வேலரண்ட் போன்ற கெர்னல் காவல் உள்ள ஆட்டம் ஒன்றில் ஊறியிருந்தால், இப்போது வராதீர்கள். அவர்களை இழக்க நேரிடும்.

நான் தம்பியை இழக்கவில்லை. அவன்தான் ஆட்டத்தை மாற்றினான். "டோட்டா கற்றுக்கொள்கிறேன் அக்கா, உனக்கு ஓடுகிறதல்லவா?" என்றான். பழைய ஆட்டத்தில் அவனுக்கு அங்கே மூன்று நண்பர்கள் இருக்கிறார்கள். வார நாட்களில் அவர்களோடு ஆடுகிறான். ஞாயிறு எனக்கு. புதிய ஆட்டத்தில் இருவரும் நிறையத் தோற்கிறோம்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்: நான் வாங்கிய தேதி, ஆடிய மணி நேரம், என் கணினி விவரம், ஒரே ஒரு கோரிக்கை. பதில் வரவில்லை. சென்ற மாதம் அதையே மறுபடி அனுப்பினேன். தை பிறந்ததும் மூன்றாம் முறை அனுப்புவேன்.