சாயப்பட்டறை உப்பில் விடப்பட்ட கோமாளி மீன்கள்

கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் வீட்டில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் பணம் 42,000 ரூபாயும் நான்கு மீன்களும் போனது இப்படித்தான்.

எங்கள் ஊர் அவிநாசி. கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை. தொட்டியைக் கூடத்தில் இறக்கியபோதே அம்மிச்சி கேட்டார்: "உப்புத் தண்ணீரில் மீனை விட்டால் கருவாடுதானே ஆகும்?" சிரித்தோம். அவர் சொன்னதுதான் நடந்தது.

கடைக்காரர் இனிமையாகப் பேசுகிறவர். வாய்க்கு வாய் "அண்ணா". 200 லிட்டர் தொட்டி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர், விளக்கு, மணல், எட்டுக் கிலோ "வெளிநாட்டுக் கடல் உப்பு" எல்லாவற்றையும் அவரே கொண்டுவந்து அமைத்தார். உப்பு கிலோ 250 ரூபாய். தடித்த பிளாஸ்டிக் பையில் மீன் படம் போட்ட வண்ண ஸ்டிக்கர். தயாரித்த நிறுவனத்தின் பெயரும் தேதியும் தேடினாலும் கிடைக்காது. கேன் தண்ணீரில் கரைத்து, தண்ணீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டார். 1.025 காட்டியது. "கச்சிதம் அண்ணா, கடலேதான்" என்றார். பாக்டீரியா என்று சொல்லி ஒரு குப்பித் திரவத்தை ஊற்றிவிட்டு, மறுநாளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களை விட்டுவிட்டுப் போனார்.

நான்காம் நாள் காலையில் இரண்டும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மாலைக்குள் முடிந்துவிட்டது. போன் செய்தேன். "தீனி அதிகம் போட்டிருப்பீர்கள்" என்றார். என் மகள் போட்டது ஆளுக்கு ஐந்து மணிகள், எண்ணித்தான் போட்டாள். அடுத்த ஜோடி 1,800 ரூபாய். அதற்கு ஆறு நாள் ஆயுள். இந்த முறை அவர் சொன்ன குற்றவாளி மின்வெட்டு.

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் என் மைத்துனன் வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவன் மிச்சமிருந்த உப்பைச் செய்தித்தாளில் கொட்டி விரலால் பரப்பினான். "மாமா, இது துணியில் சாயம் ஏற்ற எங்கள் பட்டறைக்கு லாரியில் வரும் உப்பு மாதிரியே இருக்கிறதே" என்றான். மறுநாள் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போய், பட்டறையில் தினமும் தண்ணீருக்குச் செய்யும் கடினத்தன்மைச் சோதனையைச் செய்து படம் பிடித்து அனுப்பினான். சோதனைச் சாயம் போட்டதும் திராட்சைச்சாறு நிறத்தில் இருந்த தண்ணீர், மருந்தின் எட்டாம் சொட்டில் நீலமாகிவிட்டது. குறைந்த சொட்டிலேயே நீலமானால் தண்ணீரில் தாதுக்கள் குறைவு என்று அர்த்தம். நிஜக் கடல் தண்ணீரில் மெக்னீசியமும் கால்சியமும் ஏராளம். அதன் கடினத்தன்மை லிட்டருக்கு 6,000 மில்லிகிராமைத் தாண்டும். எங்கள் தொட்டியில் அது முந்நூறைத் தொடவில்லை. கடல்மீன் தொட்டிக்கென்று செய்யும் உப்பில் இந்தத் தாதுக்கள் சேர்ந்தே இருக்கும். ஹைட்ரோமீட்டர் பாவம், அதற்கு அடர்த்தி மட்டும்தான் தெரியும். எந்த உப்பையும் போதிய அளவு கரைத்தால் அதே எண்ணைக் காட்டும். ஆகவே கடைக்காரர் அதை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். கால்சியம் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். லிட்டருக்கு 400 மில்லிகிராமை ஒட்டி இருக்க வேண்டும்.

உப்பு அசலாகவே இருந்திருந்தாலும் அந்த மீன்கள் பிழைத்திருப்பது சந்தேகம்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் புதுத் தொட்டியில் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இது அந்தத் தொழிலில் இருக்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் ஆறு வாரம் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் இரண்டாம் ஜோடியை யாரிடம் விற்பது? கோடையில் எங்கள் கூடத்திலேயே 34 டிகிரி. கோமாளி மீனுக்கு 25, 26 இருந்தால் நல்லது. தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் கருவியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

எனக்கு இன்னமும் வயிறு கலங்குவது வேறொன்றை நினைத்து. இரண்டாம் முறை வந்தபோது, "மன்னார் வளைகுடாப் பவளம், நம் ஆட்கள் மூலம் வரும், 6,000 கொடுங்கள்" என்றார். மனைவி தடுக்காவிட்டால் வாங்கியிருப்பேன். பவளப்பாறைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. எடுப்பது, விற்பது, வீட்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். சிறைக்குப் போக வேண்டிவரும். அவருக்கு ஒன்றும் ஆகாது, என் கூடத்தில்தான் அது கண்ணாடிக்குள் விளக்குப் போட்டு இருந்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பில் எங்கே என்றார். என்னிடம் இருந்தது நீல மையில் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. கடை முத்திரைகூடக் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அது போதுமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டிருக்கிறேன். ஜிபே கணக்கில் பணம் போன பதிவுகளை எடுத்து வைக்கச் சொன்னார். உப்புக்கும் முதல் ஜோடி மீனுக்கும் ரொக்கமாகக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன்.

பழைய தண்ணீரைக் கொட்டுவதே பெரும்பாடாகிவிட்டது. கறிவேப்பிலைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. வாளி வாளியாகத் தெருச் சாக்கடைக்குச் சுமந்தேன். இப்போது சரியான உப்பைப் போட்டு மூன்றாம் வாரம். சோதனைக் குழாய் இன்னும் பச்சை காட்டுகிறது, அம்மோனியா தீரவில்லை என்று அர்த்தம். மஞ்சளாகும்வரை மீன் கிடையாது என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் அந்தக் குழாயைத்தான் பார்க்கிறாள்.