லிஃப்ட் நிற்கவில்லையா? பம்பா, ஓ-ரிங்கா, ஆயிலா

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வைத்திருக்கும் நாங்கள் பெரும்பாலும் சின்ன டிராக்டர்தான் வாங்குகிறோம். மர வரிசைக்குள் நுழைந்து திரும்ப 20, 25 குதிரைத்திறன் வண்டிதான் தோது. அந்த வண்டியில் பின்னால் மாட்டிய கருவியை ஆயில் அழுத்தத்தால் தூக்கும் லிஃப்ட் மக்கர் பண்ணினால் யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "பம்பு போயிருச்சு".

என் வண்டிக்கும் அதே பதில்தான் கிடைத்தது. மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டரைத் தூக்கி நிறுத்தினால் அரை நிமிடத்தில் தரையைத் தொட்டுவிடும். ஒரு பட்டறையில் சொன்னபடி புது பம்பு போட்டேன். பல ஆயிரம் செலவு. ரோட்டாவேட்டர் பழையபடியே இறங்கியது. பிறகு திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளில் வேலை பார்த்த ஒரு தம்பி வந்து பார்த்தார். "இன்ஜினை ஆஃப் பண்ணுங்ணா. இப்ப பம்பு சுத்துதா? சுத்தலை. அப்பவும் இறங்குதுன்னா பம்பு என்ன பண்ணும்?" என்றார். அந்தக் கேள்வியை முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும்.

பம்புக்கும் ஓ-ரிங்குக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆயிலைத் தள்ளித் தூக்குவது பம்பின் வேலை. தூக்கியதைப் பிடித்து நிறுத்துவது சிலிண்டரும் கன்ட்ரோல் வால்வும். நிறுத்திய வண்டியில் கருவி சடசடவென்று இறங்கினால் சிலிண்டர் பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் அல்லது வால்வு கசிகிறது. இன்ஜின் ஓடும்போது இதே கசிவு வேறு மாதிரி தெரியும்: கருவி கொஞ்சம் இறங்கும், வால்வு அதை மறுபடி தூக்கும், இப்படி விக்கல் போலத் துள்ளிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்து காலையில் இறங்கியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. எந்த வண்டியிலும் அந்த அளவு இருக்கும்.

பம்பு தேய்ந்திருந்தால் அறிகுறியே வேறு. காலையில் நன்றாகத் தூக்கும். சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட்டி ஆயில் சூடானதும் மெதுவாகிவிடும், பாரத்தைத் தூக்கத் திணறும். சூடான ஆயில் இளகி, தேய்ந்த பற்சக்கரங்களின் இடுக்கு வழியாகவே திரும்பி ஓடிவிடுகிறது. ஆனால் இதே மந்தம் குளிர்ந்த நேரத்தில் வந்து சூடானதும் சரியாகிவிட்டால், பம்பின் மேல் கை வைக்காதீர்கள். அது ஸ்ட்ரெய்னர் (ஆயிலை வடிகட்டும் சல்லடை) அடைப்பு, இல்லையென்றால் ஆயில் தடிமன். ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் என் மச்சான் வண்டி மார்கழி விடியலில் இப்படித்தான் அழும். கீழே நம் தோப்பில் அதே ஆயில் ஊற்றிய வண்டி ஒரு சத்தமும் போடாது.

செலவைப் பார்த்தால் ஓ-ரிங் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். கூலிதான் வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் முன்மூடியைக் கழற்றினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், சிலவற்றில் சீட்டைத் தூக்கி லிஃப்ட் பெட்டி முழுவதையும் இறக்க வேண்டும். பிஸ்டன் வெளியே வந்ததும் சிலிண்டர் உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். கீறல் இருந்தால் புது ஓ-ரிங்கையும் அது அறுத்துவிடும். ஓ-ரிங்குக்கு முட்டுக்கொடுக்க கூடவே வரும் பேக்கப் ரிங்கை ஆயில் அழுத்தம் வரும் பக்கம் போட்டுவிடக் கூடாது. ஓ-ரிங் அழுத்தத்தின் பக்கம், பேக்கப் ரிங் அதற்குப் பின்னால். மாற்றிப் போட்டால் ஓ-ரிங் இடுக்கில் பிதுங்கிக் கிழிந்து, ஒரு மாதத்தில் மறுபடி அதே வேலை.

பம்பில்தான் கோளாறு என்று உறுதியானால் சீல் கிட்டா (சீல்களை மட்டும் மாற்றும் தொகுப்பு), புது பம்பா என்ற கேள்வி வரும். பற்சக்கரம் உரசிய இடத்தில் பம்பு பாடியை நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் மாட்டுகிற அளவு பள்ளம் இருந்தால் சீல் கிட் வீண் செலவு, புதிதே போடலாம். பாடி வழவழவென்று இருந்து ஷாஃப்ட் சீல் மட்டும் போயிருந்தால் கிட் போதும். இன்ஜினோடு சேர்த்துப் பூட்டிய பம்பு என்றால் இன்ஜின் ஆயில் அளவையும் கவனியுங்கள். ஊற்றாமலே டிப்ஸ்டிக்கில் அளவு ஏறினால் அந்த சீல் வழியாக ஹைட்ராலிக் ஆயில் இன்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம். அப்படியே ஓட்டாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது ஆயில். நான் எப்போதும் முதலில் ஆயில், ஸ்ட்ரெய்னர் இரண்டுக்கும்தான் காசு போடுவேன். ஆயில் குறைந்தாலோ, பம்புக்கு ஆயிலை உறிஞ்சும் சக்‌ஷன் பைப் இணைப்பில் காற்று புகுந்தாலோ பம்பு கீச்சிடும், ஆயில் நுரைக்கும். பூலாம்பட்டிப் பக்கம் காவிரிக் கரையில் சேற்றுழவு ஓட்டுகிறவர்கள் ஆயிலைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்க்கலாம். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஸ்ட்ரெய்னரில் பித்தளை நிறத்தூள், ரப்பர்த் துணுக்கு எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எந்த ஆயில் என்பதில் ஊரில் நிறைய வாதம் நடக்கிறது. ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகள் பலவற்றில் கியர், லிஃப்ட், பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். அதற்கு இந்த மூன்றுக்கும் பொதுவாகச் செய்த யு.டி.டி.ஓ. (UTTO) வகை டிராக்டர் ஆயில் வேண்டும். விலை குறைவு என்று 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் கிறீச்சிடும், பிடிப்பும் கெடும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் டிரெய்லரோடு இறங்குகிறவர் அந்தச் சிக்கனத்தைச் செய்யவே கூடாது. 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் பம்புக்கு ஒத்துப்போகும், ஆனால் கியருக்குப் போதிய காப்பு தராது. ஹைட்ராலிக்குக்குத் தனித் தொட்டி உள்ள பழைய வண்டி என்றால் கணக்கு வேறு, கையேட்டைப் பாருங்கள்.

எங்கே கொண்டுபோவது? வாரன்டி இருக்கும்வரை ஷோரூம் சர்வீஸ்தான். அதற்குப் பிறகு நான் ரிக், டிப்பர் வேலை பார்க்கும் பட்டறைக்கே போகிறேன். சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. பிரஷர் கேஜ் மாட்டி அளந்து சொல்வார்கள், ஹோஸ் முனையில் இணைப்பை அழுத்திப் பூட்டும் கிரிம்பிங்கும் அங்கேயே செய்து தருவார்கள். ஆனால் மண்ணின் இழுவைக்கு ஏற்ப கலப்பையை ஏற்றி இறக்கும் டிராஃப்ட் கன்ட்ரோல் செட்டிங் ரிக் வண்டியில் கிடையாது. கலப்பை ஒரே ஆழத்தில் போகாத கோளாறுக்கு டிராக்டர் மெக்கானிக்தான் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கருவியைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை வழியாகப் பீச்சும் ஆயில் தோலுக்குள்ளேயே புகுந்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். வலி இல்லை என்று வீட்டில் இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஆயில் உள்ளே புகுந்துவிட்டது என்று டாக்டரிடம் வாயால் சொல்லுங்கள்.