தை மழையும் விதை டப்பாவும்: வீட்டுக்குள் நாற்றா, மண்ணில் விதையா, நர்சரிச் செடியா?

நேற்று ராத்திரி முழுக்க மழை. நடுநடுவே ஆலங்கட்டியும் ஜன்னல் கண்ணாடியில் படபடவென்று விழுந்தது. காலையில் மாடிக்குப் போய்ப் பார்த்தால் பாலக் இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாகக் கிழிந்திருக்கிறது, மேத்தி என்கிற வெந்தயக்கீரை தரையோடு படுத்துவிட்டது. டெல்லியில் குளிர்கால மழை ஒன்றும் புதிதில்லை. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், பாகிஸ்தான் தாண்டி வருகிற இதை வானிலைக்காரர்கள் மேற்கத்திய இடையூறு என்பார்கள். 2024 டிசம்பர் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் டெல்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 41.2 மில்லிமீட்டர் பெய்தது. டிசம்பரில் ஒரே நாளில் அவ்வளவு மழை அதற்கு முந்தைய 100 வருஷத்தில் பெய்ததில்லை.

இந்த மாதிரி நாட்களில் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு, விதைப் பொட்டலங்களைக் கட்டிலில் பரப்பி உட்கார்ந்துவிடுவேன். சுரை விதை வழவழவென்று இருக்கும். புடலை விதையின் ஓரம் அலை அலையாக, மரத்திலிருந்து செதுக்கி எடுத்தது போல் இருக்கும். இது தென்காசியில் அம்மா வீட்டுப் பந்தலில் முற்றவிட்டு எடுத்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தேன். இங்கே காய்கறி வண்டியில் எப்போதாவது வருகிற சிசிண்டா, அதாவது இந்த ஊர்ப் புடலை, ஒரு சாண் நீளம்தான். நான்கு அடி நீளப் புடலை டெல்லி மயூர் விஹாரில் எங்கள் மாடியில் தொங்கவேண்டும் என்பது என் ஆசை. போன வருஷம் தொங்கியது. இந்த வருஷமும் தொங்கவேண்டும்.

அம்மா போனில் கேட்கிறாள்: "தை பொறந்து பத்து நாளாச்சு, இன்னுமா விதை ஊனலை?" அவளுக்குத் தைப்பட்டம் சரி. இங்கே தையில் விடியற்காலைக் குளிர் ஐந்து, ஆறு டிகிரி. 2021 புத்தாண்டு அன்று 1.1 டிகிரிக்குப் போனது. சுரை, புடலை, பாகல் மாதிரிக் கொடிக்காய் விதை முளைக்க மண்ணில் ஏறக்குறைய 20 டிகிரி சூடாவது வேண்டும். அதற்குக் கீழே ஈரமண்ணில் கிடக்கிற விதை முளைக்காது, அழுகும்.

சரி, குளிர் போகட்டும் என்று விடலாமா என்றால் அங்கேயும் சிக்கல். டெல்லிக்கு வசந்தம் என்று இருப்பது எட்டு வாரம், மிஞ்சினால் பத்து வாரம். பிப்ரவரி நடுவில் குளிர் கழன்றால், ஏப்ரல் கடைசியில் 40 டிகிரி வந்து நிற்கும். சுரைக்கு விதையிலிருந்து முதல் காய்க்கே சுமார் இரண்டு மாதம் ஆகும். இன்னொன்றும் உண்டு. கொடிகளில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. வெயிலும் பகல் நீளமும் கூடக்கூட ஆண் பூ அதிகமாகும். இதமான குளிரில் வளர்ந்த கொடியில்தான் பெண் பூ சீக்கிரம் வரும். அதனால் ஜனவரிக் கடைசியில் எடுக்கிற முடிவு ஏப்ரலில் எத்தனை காய் என்பதை நிர்ணயித்துவிடுகிறது. வழி மூன்று இருக்கிறது. மூன்றையும் வெவ்வேறு வருஷங்களில் செய்து பார்த்திருக்கிறேன்.

இப்போதே வீட்டுக்குள்

விதையை ஒரு நாள் முழுக்க ஊறவைக்க வேண்டும். பாகலுக்கும் புடலைக்கும் தோல் கெட்டி. நகவெட்டியால் ஓரத்தில் துளி நறுக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே போகும். அப்புறம் ஈரத்துணியில் சுற்றி, டிபன் டப்பாவில் போட்டு, சூடுள்ள ஒரு மூலையில் வைக்கவேண்டும். எங்கள் வீட்டில் அந்த மூலை டிவி செட்டாப் பாக்ஸின் தலை. பகலெல்லாம் வெதுவெதுவென்று இருக்கும். சுரை நான்கைந்து நாளில் வாய் பிளக்கும். பாகல் எட்டு நாள், பத்து நாள் எடுத்துக்கொள்ளும். தினம் ஒரு தடவை திறந்து துணி காய்ந்துவிட்டதா, புளித்த வாடை வருகிறதா என்று பார்த்தால் போதும்.

முளைத்ததை ஒரு கப்புக்கு ஒன்றாக வைக்கவேண்டும். கொடிகளின் வேர் அசைத்தால் கோபித்துக்கொள்ளும். குழித்தட்டிலிருந்து பிடுங்கி நடுகிற வேலை தக்காளி, மிளகாய்க்கு ஒத்துவரும், சுரைக்கு வராது. பேப்பர் கப்போ, அடியில் ஓட்டை போட்ட பால் பாக்கெட்டோ இருந்தால் நடும்போது கிழித்துவிட்டு மண்ணுருண்டையோடு அப்படியே இறக்கலாம். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மேலே ஒரு விரல்கடை மணல். மணல் ஏன் என்பதை ஒரு வருஷம் நஷ்டப்பட்டுக் கற்றேன். நவம்பரில் 30 தக்காளி நாற்று விட்டிருந்தேன். குளிருக்குப் பாவம் என்று ராவும் பகலும் பாலிதீன் மூடியே வைத்தேன். ஒரு காலையில் மூடியைத் தூக்கினால் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, 26 நாற்று ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. நாற்றழுகல். ஈரமும் காற்றோட்டம் இல்லாததும் சேர்ந்தால் அந்தப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இப்போது முளை தலைகாட்டியதும் மூடியை எடுத்துவிடுகிறேன். தண்ணீர் மேலே ஊற்றாமல் தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்சவிடுகிறேன். மேல் மணல் காய்ந்தே இருக்கும்.

இந்த வழியில் பெரிய குறை வெளிச்சம். பனிமூட்டம் நான்கு நாள் தொடர்ந்தால் நாற்று வெளிறி நெட்டையாகப் போய்விடும். தெற்குப் பார்த்த பால்கனி உள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஜனவரியில் உச்சி வெயிலே 40 டிகிரிச் சாய்வில்தான் வரும், அதனால் வெளிச்சம் அறைக்குள் வெகுதூரம் நுழையும். எங்களுடையது கிழக்கு. 20 வாட்ஸ் வெள்ளை எல்இடி பட்டை விளக்கு ஒன்றை நாற்றுக்கு அரை அடி மேலே கட்டி, ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியவிடுகிறேன். மாதத்துக்கு எட்டரை யூனிட் கூட ஆகாது. செடிக்கென்று விற்கிற ஊதா விளக்கு வேண்டியதில்லை, சாதாரண விளக்கே ஒரு மாதத்து நாற்றுக்குப் போதும்.

பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து வெளியே பழக்கவேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, ராத்திரி உள்ளே. ஆபீஸ் போகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது இந்தப் பத்து நாளில்தான். கப்புகளை ஒரே தாம்பாளத்தில் வைத்தால் வேலை பாதியாகும்.

சிவராத்திரி கழித்து மண்ணில்

பக்கத்து பிளாக்கில் ஒரு மாமி இருக்கிறார். முப்பது வருஷ மாடித்தோட்டம். என் கப்புகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தூங்கற குழந்தையை ஏன் எழுப்பறே? சிவராத்திரியோட குளிர் சிவ சிவான்னு போயிடும். அப்போ போடு, தானா வரும்." அவர் ஒரு விதையைக்கூட வீட்டுக்குள் முளைக்கவைத்தது கிடையாது.

மாமி பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது. வெண்டைக்கும் கொத்தவரைக்கும் தண்டுக்கீரைக்கும் இதுதான் வழி, இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. வெண்டை ஆணிவேர் இறக்குகிற செடி. ராத்திரி ஊறவைத்து மறுநாள் நேராகத் தொட்டியில் ஊன்றியதற்கும், பிடுங்கி நட்டதற்கும் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும். கொடிகளிலும், போட்ட இடத்திலேயே முளைத்தது வேரை ஆழமாக விடுகிறது. போன வருஷம் என் புடலையில் மார்ச் 28ஆம் தேதி முதல் பிஞ்சு வந்தது, மாமிக்கு ஏப்ரல் மூன்றாம் வாரம். ஏப்ரல் முடிவில் எனக்கு 14 காய், அவருக்கு 5. ஆனால் மே மாத அனல்காற்றில் என் கொடி மத்தியானமே துவண்டுவிடும். அவருடையது சாயங்காலம் வரை நிமிர்ந்து நின்றது, ஜூனிலும் காய்த்தது. அவர் வைத்திருப்பது பாதியாக வெட்டிய டிரம், என்னுடையது 15 அங்குலப் பை, அதையும் சொல்லவேண்டும்.

இதில் எதிரி புறாவும் அணிலும். முளை இரண்டு இலை விடுவதற்குள் கிள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் பிப்ரவரி ஆலங்கட்டி: 2019 பிப்ரவரி 7 அன்று நொய்டா சாலைகள் சிம்லா மாதிரி வெள்ளையாகக் கிடந்ததை மறக்க முடியுமா? இரண்டுக்கும் ஒரே மருந்து, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு குழிமேலும் கவிழ்ப்பது. மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே வேர்க்காது, ராத்திரிக் குளிரும் கொஞ்சம் தணியும். கறுப்புப் பையாக இருந்தால் மண் சீக்கிரம் சூடேறும். மண் தொட்டி ஈரம் கசிந்து குளிர்ந்தே இருக்கும். கோடைக்கு அது நல்லது, மாசிக்கு இல்லை.

இந்தக் கவிழ்த்த பாட்டிலுக்கு மூதாதை ஒன்று நதிப்படுகையில் உண்டு. வடக்கே ஆற்று மணலில் வெள்ளரியும் சுரையும் போடுகிறவர்கள் குளிர்காலத்திலேயே பள்ளம் வெட்டி, எருவிட்டு, விதை ஊன்றிவிடுவார்கள். பள்ளத்தின் வடமேற்குப் பக்கம் நாணல் மாதிரி உயரமான சர்க்கண்டா புல்லைச் சாய்வாக வரிசையாகச் செருகுவார்கள். வாடைக்காற்று அதில் முட்டி நிற்கும், தெற்கு வெயில் மட்டும் செடிமேல் விழும். விளக்கும் இல்லை, பாலிதீனும் இல்லை. நானும் மாடியின் வடக்குச் சுவரை ஒட்டிப் பைகளை நகர்த்தி, பழைய தென்னந்துடைப்பக் குச்சிகளையே தட்டியாகக் கட்டிப் பார்த்தேன். ஒரு வாரம் முந்தி விதைக்க முடிந்தது.

விதைக்கு டெல்லியிலேயே பூசா போகலாம். அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் கிரிஷி விஞ்ஞான் மேளா என்கிற வேளாண் கண்காட்சி குளிர் முடியும் நேரத்தில் நடக்கும். விதைக் கடைகளில் பூசா நவீன் சுரையும் பூசா தோ மௌசமி பாகலும் கேட்டு வாங்கலாம். 'தோ மௌசமி' என்றால் இரண்டு பருவம், வெயில்காலத்துக்கும் மழைக்காலத்துக்கும் ஆகும். 1905இல் பீகாரில் பூசா என்ற ஊரில் தொடங்கிய நிலையம் அது. 1934 பூகம்பத்தில் கட்டடம் இடிந்து, 1936இல் டெல்லிக்கு வந்தபோது ஊர்ப் பெயரையும் கூடவே கொண்டுவந்துவிட்டது. என் புடலை மாதிரி.

நர்சரி நாற்று

தக்காளி, மிளகாய், கத்தரிக்கு யோசிக்காமல் வாங்குங்கள். தக்காளியில் ராத்திரிச் சூடு 22, 23 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், காய் பிடிக்காது. ஜனவரிக் கடைசியில் விதை போட்டால் பூ வருவதற்குள் அந்தச் சூடு வந்துவிடும். நவம்பரில் நாற்று விட்டவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் பிப்ரவரி தொடக்கத்தில் நர்சரியில் வாங்கி நடுவதுதான் புத்திசாலித்தனம்.

கொடிக்காய் நாற்று மட்டும் நர்சரியில் வாங்காதீர்கள். பெரும்பாலும் சின்னப் பையில் வேர் சுருண்டு, இளமஞ்சளாக நிற்கும். நம் ஊர் ரகம் எதுவும் கிடைக்காது, என்ன ரகம் என்று கேட்டால் "தேசி" (நாட்டு ரகம்) என்ற ஒரே பதில். ஒரு தடவை ஊசி மிளகாய் போல் காரமானது என்று ஆறு செடி கொடுத்தார்கள். மூன்று மாதம் வளர்த்தபின் பஜ்ஜி மிளகாயாகக் காய்த்தது. வாங்கும்போது பூ வைத்த செடியைத் தள்ளிவிட்டுப் பூவில்லாத, குட்டையான, தண்டு தடித்ததை எடுங்கள். இலையைத் திருப்பிப் பாருங்கள். தட்டினால் வெள்ளை ஈ பறக்கிறதென்றால் வேண்டாம், தக்காளியில் இலைச்சுருட்டை நோயைக் கொண்டுவருவது அதுதான். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாரம் மற்றச் செடிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஆக, என் மாடியில் இந்த வருஷம் புடலையும் பாகலும் கப்பில், சுரை பாதி கப்பில் பாதி மாமி வழியில், வெண்டையும் கீரையும் நேராக மண்ணில், தக்காளி மிளகாய் நர்சரி. முதல் வருஷம் தோட்டம் போடுகிறவர் கேட்டால் கப்பும் விளக்கும் வேண்டாம் என்பேன். சிவராத்திரி வரை பொறுத்துச் சுரை இரண்டு, வெண்டை பத்து விதை போட்டால் போதும், பாக்கி மண் கலக்கவும் பந்தலுக்குக் கயிறு கட்டவும் இந்த மழை நாட்களைச் செலவிடலாம். ஆனால் ஊரிலிருந்து வந்த விதை, கையில் மொத்தம் ஏழெட்டுத்தான் என்றால் வீட்டுக்குள்ளேயே முளைக்கவையுங்கள். அணில் வாய்க்கு அதைக் கொடுக்க மனசு வராது.

மழை இன்னும் விடவில்லை. சாயங்காலம் செட்டாப் பாக்ஸ் மேலிருந்த டப்பாவைத் திறந்தேன். ஒன்பது புடலை விதையில் இரண்டு வாய் பிளந்து, அரிசி முனை அளவுக்கு வெள்ளை வேர் எட்டிப் பார்க்கிறது. கப்புகளை எடுத்து ஓட்டை போட உட்காரவேண்டும்.