சொந்த சர்வரில் மெய்நிகராக்கமா, கிளவுடா?

ஒரு காலத்தில் ஒரு மென்பொருளுக்கு ஒரு சர்வர் என்று வாங்கி அடுக்கினார்கள். பெரும்பாலான நேரம் அவை சும்மாவே கிடந்தன. 2001-இல் விஎம்வேர் நிறுவனத்தின் இஎஸ்எக்ஸ் மென்பொருள் வந்த பிறகு ஒரே இயந்திரத்துக்குள், தனித்தனிக் கணினிகள் போல இயங்கும் பல மெய்நிகர் கணினிகள் குடியேறின. இதுதான் மெய்நிகராக்கம். வன்பொருள் நம்முடையது, தரவும் நம் அறையிலேயே இருக்கும். ஆனால் இடம் போதாவிட்டால் புது சர்வர் வாங்கி, ரேக்கில் ஏற்றி, கேபிள் மாட்டும் வரை வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2006-இல் வந்த அமேசான் இசி2 என்ற கிளவுட் சேவை, இணையம் வழியே கணினியை வாடகைக்குத் தந்து, அந்தக் காத்திருப்பைச் சில நிமிடங்களாகச் சுருக்கியது. அடியில் இருப்பது அதே மெய்நிகராக்கம்தான். இயந்திரம் மட்டும் வேறொருவருடையது. சரி, செலவு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சோதனைக்காக வெள்ளிக்கிழமை மாலை உருவாக்கிய கணினியை அணைக்க மறந்தால், திங்கள் காலை வரை மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். அணைத்தாலும், அதனுடன் இணைத்த டிஸ்க்குக்குக் கட்டணம் நிற்காது. தரவை வெளியே எடுக்கவும் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு.

ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும் கணக்கு மென்பொருளை நான் சொந்த சர்வரிலேயே வைப்பேன். திடீரென்று கூட்டம் ஏறி இறங்கும் இணையதளத்துக்குக் கிளவுட்தான். அப்புறம், 2023-இல் விஎம்வேரை பிராட்காம் நிறுவனம் வாங்கிய பின், ஒருமுறை பணம் கட்டி வாங்கும் நிரந்தர உரிம விற்பனை நின்றுவிட்டது. சொந்த சர்வர் என்றாலும், அதில் விஎம்வேர் ஓடினால் சந்தாச் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.