மல்லாட்டை ஏலக் கணக்கில் பைத்தானின் மேக்ஸ்: பல வருஷப் பழக்கம்

வேலூர் சுற்றுவட்டார மண்டிகளுக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மல்லாட்டை (நிலக்கடலை) சீசனில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்கு மேல் விலை என்னங்க?" அதற்குப் பல வருஷமாக பைத்தான் நிரல்மொழியோடு வரும், பட்டியலில் பெரியதை எடுத்துத் தரும் மேக்ஸ் (max) ஃபங்ஷனைத்தான் வைத்திருக்கிறேன். சிலர் பட்டியலை சார்ட் செய்து கடைசி எண்ணை எடுப்பார்கள். ஒரே ஒரு விலைக்காக மொத்தத்தையும் அடுக்குவது வீண் வேலை. மேக்ஸ் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்தது அதிலுள்ள கீ (key). விலை மட்டும் போதாது, எந்த லாட், யார் சரக்கு என்பதும் வேண்டும். எதை வைத்து ஒப்பிடுவது என்று கீயில் சொல்லிவிட்டால் அந்த லாட்டின் முழு விவரமும் வந்துவிடும். ஆனால் இரண்டு லாட் ஒரே விலைக்குப் போயிருந்தால் முதலில் இருப்பதை மட்டும்தான் தரும். "என்னுதும் அதே விலைதானே, பேரு எங்க?" என்று இன்னொருவர் வந்து நிற்பார். அதனால் மேல் விலையை எடுத்துக்கொண்டு, அந்த விலைக்குப் போன லாட்டையெல்லாம் தனியாகப் பொறுக்கிவிடுவேன்.

என் கைக்கு வந்த பழைய நிரல் ஒன்றில், சிஎஸ்வி கோப்பில் (கமா போட்டுப் பிரித்த எழுத்துக் கோப்பு) இருந்த விலையை எண்ணாக மாற்றாமல் எழுத்தாகவே மேக்ஸிடம் கொடுத்திருந்தார்கள். விலை நாலு இலக்கத்தில் இருந்தவரை எல்லாம் சரியாகவே வந்தது. மூட்டை விலை பத்தாயிரத்தைத் தாண்டியதும் 10120 இருக்க, 9850தான் பெரிசு என்றது. எழுத்தாகப் பார்த்தால் 1-ஐவிட 9 பெரிது, முதல் எழுத்திலேயே தீர்ப்பு முடிந்துவிடும். எரர் ஒன்றும் வராது, அதுதான் கொடுமை.

காலிக் கட்டமும் இப்படித்தான். அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் (pandas) நூலகம் அதை நேன் (NaN, 'எண் இல்லை' என்ற குறி) என்று படித்து, அது பட்டியலின் தலையில் இருந்தால் மேக்ஸ் நேனையே திருப்பித் தரும். நடுவில் இருந்தால் கண்டுகொள்ளாது. பாண்டாஸின் சொந்த மேக்ஸ் இதைத் தவிர்த்துவிடும்.

வரத்தே இல்லாத நாளில் காலிப் பட்டியல் போனால் வேல்யூஎரர் (ValueError) என்ற எரர் வரும். 2014இல் வந்த பைத்தான் 3.4 பதிப்பிலிருந்து, பட்டியல் காலியானால் எதைத் தருவது என்று சொல்ல டீஃபால்ட் (default) உண்டு. பலர் அதில் 0 போடுகிறார்கள், எனக்குப் பிடிக்காது. மேல் விலை 0 என்று போர்டில் வந்தால் யாருக்குத்தான் பதறாது? டீஃபால்ட்டே கொடுக்காமல் எரரைப் பிடித்து 'வரத்து இல்லை' என்று காட்டுவது என் வழக்கம்.

முதல் மூன்று விலை கேட்டால் மேக்ஸ் சரிப்படாது. பைத்தானோடு வரும் ஹீப்கியூ (heapq) தொகுப்பில், பெரியவற்றில் கேட்ட அளவு எடுத்துத் தரும் என்லார்ஜஸ்ட் (nlargest) இருக்கிறது, அதற்கும் இதே கீ செல்லும்.